அறுபத்திரண்டு வயதுக் கோல் காப்பாளர்

படிவத்தில் மூன்றாவது கேள்வி பிறந்த திகதி. அந்தக் கேள்வி உள்ள படிவங்களை எத்தனையோ பேருக்கு நிரப்பிக் கொடுத்திருக்கிறேன், பிழையாக நிரப்பியவர்களைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன். பிரதேச செயலகத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன் நான். காலங்கடந்த பதிவுக்கு எந்தச் சத்தியக் கடதாசி, யாருடைய கையொப்பம், எத்தனை பிரதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் சொந்தப் படிவத்தில் பேனா அந்த இடத்துக்குப் போகும்போதெல்லாம் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்துக்கொள்வேன். நான் எழுதும் திகதி என்னுடையதல்ல. என் தம்பியுடையது.

தம்பி எனக்கு நாலு வயது இளையவன். ஏழாவது மாதத்தில் வயிற்றோட்டம் கண்டு இறந்துபோனான். புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கும் எங்கள் றப்பர் தோட்டத்தில் நான் பிறந்தபோது அதைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவன் பிறந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருந்தவர் அப்பாவைக் கட்டாயப்படுத்திப் பதிய வைத்தார். அவன் இறந்தபோது அந்த மனிதர் மாற்றலாகிப் போயிருந்தார். இறப்பைப் பதியப் போனால் அப்பாவுக்கு ஒரு நாள் வேலை போகும். போகவில்லை. ஆகவே அரசாங்கத்தைப் பொறுத்தவரை தம்பி உயிரோடு இருந்தான், நான் பிறக்கவே இல்லை.

பத்து வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது மாஸ்டர் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கேட்டார். அப்பா வீட்டுக்கு வந்து தகரப் பெட்டியைத் திறந்து, அதில் இருந்த ஒரே பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பத்திரத்தில் ஒரு ஆண் பிள்ளை, வீட்டில் ஒரு ஆண் பிள்ளை, அவருக்கு அது சரியாகவே வந்தது. அன்று முதல் அவனுடைய பெயரும் எனக்கு. தோட்டங்களில் இது அபூர்வமல்ல. என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற பல முகங்கள் கையிலிருந்த பத்திரத்தைவிட மூத்தவை. அதைக் கண்டும் காணாமல் முத்திரை குத்தியிருக்கிறேன். என் பதவிக்காலத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் பத்து வயதுக்காரன் உட்கார்ந்தால் என்ன ஆகும்? உயரமாகத் தெரிவான். பிறகு கண்டியில் ஒரு விடுதிப் பாடசாலைக்குப் போனபோதும் உயரத்தைப் பார்த்துத்தான் என்னை ஹொக்கி கோலில் நிறுத்தினார்கள். பதினைந்து வயதுக்குட்பட்டோர் அணிக்கு நான் காவல் நின்றபோது எனக்குப் பத்தொன்பது நடந்துகொண்டிருந்தது. பந்துகள் என்னிடம் மெதுவாக வந்தன. திறமைசாலி என்றார்கள். பயிற்றுவிப்பாளர் என் மீசையை மட்டும் வாரம் ஒருமுறை மழிக்கச் சொன்னார்.

அந்தப் பந்துகள் எல்லாம் திரும்பி வருவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருந்தது.

அழைத்தவர் முன்னொரு காலத்தில் எங்கள் அரச திணைக்கள அணிக்குத் தலைவராக இருந்த சிங்களவர். இப்போது மூத்தோர் அணிகளின் முகாமையாளர். கொழும்பில் ஆண்களுக்கான மூத்தோர் சர்வதேச ஹொக்கிப் போட்டி நடக்கிறது, அறுபதுக்கு மேல் ஒரு பிரிவு, அறுபத்தைந்துக்கு மேல் ஒரு பிரிவு, இரண்டுக்கும் தானே பொறுப்பு என்று சிங்களத்தில் சொன்னார்.

"அறுபதுக்கு மேல் அணியில கோல் காப்பாளருக்கு முழங்கால் ஒப்பரேஷன், மச்சான். உனக்கு இப்ப அறுபத்திரண்டுதானே?"

"அறுபத்திரண்டு," என்றேன். ஐம்பத்தாறு வருடப் பழக்கம், நாக்கு தானாகவே சொல்லும். சொன்ன பிறகுதான் எதற்குச் சம்மதித்தேன் என்று விளங்கியது. உண்மையில் எனக்கு அறுபத்தாறு.

என் மனைவியின் தம்பி புளத்கொகுபிட்டிய கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பழைய ஹொக்கி மட்டை ஒன்றை எங்கிருந்தோ எடுத்துக்கொண்டு வந்து, தோட்டத்து மைதானத்தில் என் காலில் தடித்த பேட்களைக் கட்டி நிறுத்தி, எனக்குப் பந்து அடித்துப் பழக்கினார். அந்த மைதானம் ஒரு பக்கம் சரிவு. பந்து என்னைத் தாண்டினால் றப்பர் மரங்களுக்குள் இறங்கி ஓடைவரை போகும். பாதி நேரம் அவர் ஓடையில்தான் இருந்தார்.

முற்பகலில் றப்பர் பால் வாளிகளோடு ஸ்டோருக்குப் போகும் பெண்கள் வேலியோரம் நின்றுவிடுவார்கள்.

"என்னாங்க ஐயா, மெத்தைய கால்ல கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்டீங்க?"

"சும்மா இரு புள்ள. ஐயா சர்வதேசத்துக்கு வெளையாடப் போறாரு."

"சர்வதேசமா? அது நம்ம தோட்டத்துல எந்த டிவிசன்ல இருக்கு?"

"பால் ஒறைஞ்சிடும், போங்க எல்லாரும்," என்று மைத்துனர் விரட்டுவார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொல்வார்: "அத்தான், பந்து வர்றப்ப கண்ண மூடுறீங்க."

"மூடவில்லை. இமைத்தேன்."

"இமைக்கிறதுன்னா ஒடனே தெறக்கணும் அத்தான்."

இரும்புக் கடைக்காரர் நடந்து வந்து அடித்த பந்துக்கே நான் கண்ணை மூடினேன்.

கொழும்பில் முதல் போட்டி ஒரு ஐரோப்பிய அணியோடு. அறுபது, அறுபத்தொரு வயது மனிதர்கள். அந்த ஊரில் அந்த வயதிலும் குதிரையைப் போல ஓடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. செயற்கைப் புல்தரையில் தண்ணீர் அடித்திருந்தார்கள். ஈரத்தில் பந்து உருளாது, வழுக்கிக்கொண்டு வரும். ஹெல்மெட்டுக்குள் என் மூச்சு எனக்கே பக்கத்தில் இன்னொருவர் நிற்பது போலக் கேட்டது. இடது முழங்கால் நடுங்கி, காலில் கட்டிய பேட்டின் கொளுவி டிக் டிக் என்று அடித்தது. பின்வரிசையில் நின்ற எங்கள் ஆட்டக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பூச்சியென்று நினைத்திருப்பார்.

ஹொக்கி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெனல்டி கோர்னர் என்று ஒன்று உண்டு. கோல் காப்பாளரும் இன்னும் நாலு பேரும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்போம். பந்தை ஒருவர் பக்கவாட்டிலிருந்து தள்ளுவார். வட்டத்தின் விளிம்பில் அதை நிறுத்தி, ஒருவர் மட்டையால் இழுத்து வீசுவார். சட்டப்படி நடக்கும் மரணதண்டனைக்கு அடுத்தபடி ஒழுங்கான நடைமுறை இதுதான். எல்லோரும் தத்தம் இடத்தில் நிற்பார்கள், விசில் ஊதப்படும், நடக்க வேண்டியது நடக்கும்.

முதல் வீச்சில் நான் ஒன்றும் பார்க்கவில்லை. வலது காதருகே காற்று கிழிந்தது. பின்பலகை துப்பாக்கி மாதிரி வெடித்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் என் கை மேலே போனது. என் கைக்கும் பந்துக்கும் இடையில் இருந்தது அந்த நாலு வருடங்கள்தான் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த தடவை அது காதருகே போகாது என்றும் தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் முகாமையாளர் என் எதிரே தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"அறுபத்தைந்துக்கு மேல் அணியில கோல் காப்பாளருக்கு இடுப்புப் பிடிச்சுட்டுது. மாற்று ஆள் இல்ல. அங்க ஆட்டம் சாந்தம், மச்சான். பந்து மாடு மாதிரி நடந்து வரும். நீ மூணு வயசு கூடியிருந்தா இப்பவே அங்க மாத்திடுவேன். இங்க நிக்க வேற ஒருத்தனப் பிடிச்சிடலாம்."

ஒரு வாய்ச் சோறு தொண்டையில் நின்றது. எனக்கு மூன்றல்ல, நாலு வயது கூட. அதைச் சொல்லிவிட்டால் போதும். உயிரோடு ஊருக்குப் போகலாம்.

ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பதும் எனக்குத்தான் தெரியும். அவர் போட்டிக்கான என் ஆட்டக்காரர் அட்டையைத் திருத்தக் கேட்பார். அட்டைக்குக் கடவுச்சீட்டு, கடவுச்சீட்டுக்கு அடையாள அட்டை, அடையாள அட்டைக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம். பத்திரத்துக்கு உரிய பிள்ளை எங்கே என்று ஒருவர் கேட்பார். என் நியமனக் கடிதம், ஓய்வுபெற்ற நாள், விவாகப் பதிவு, என் இரண்டு மகள்மாரின் பத்திரங்களில் தகப்பன் என்ற இடம், எல்லாம் இறந்துபோன குழந்தையின் பெயரில் இருக்கின்றன. பொய்யான தகவல் கொடுத்து நாலு வருடம் கூடுதலாக அரச சேவையில் இருந்தவர் என்று என் சேவைக் கோவையைத் திறந்து எழுதுவார்கள். எந்தப் பந்தியில் எழுதுவார்கள், யாருக்குப் பிரதி போகும் என்பதுகூடத் தெரியும். அப்படிப்பட்ட கடிதங்களை வரைந்தவனே நான்தான்.

"என்ன மச்சான், மீனில முள்ளா?"

"ஓம்," என்றேன். "முள்."

அன்று பின்னேரமே இரண்டாவது போட்டி. மனைவியும் மைத்துனரும் வான் வண்டியில் வந்து பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் மனைவி கம்பி வேலிக்குப் பக்கத்தில் வந்து, "மொகம் ஏங்க இப்பிடி வெளுத்துப் போச்சு?" என்று கேட்டார். வெயில் என்றேன். வானம் மூடியிருந்தது.

இடைவேளைக்குப் பிறகு பெனல்டி கோர்னர் வந்தது. எதிரணியின் வீச்சுக்காரர் நரைத்த குடுமி வைத்த நெட்டை மனிதர், அன்று காலை ஹோட்டலில் எனக்காக லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற நல்லவர். கோட்டுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். ஓடிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். விசில் ஊதியது. பந்து தள்ளப்பட்டது, நிறுத்தப்பட்டது. அவர் உடம்பு வளைந்து நிமிர்வதைப் பார்த்தேன். கண்ணை மூடினேன்.

பந்து ஹெல்மெட்டின் நெற்றியில் பட்டு மேலே போய்விட்டது. நான் பின்னால் சரிந்து தலையைக் கோல் தூணில் அடித்துக்கொண்டேன். கோலைக் காப்பாற்றிவிட்டேன் என்று பிறகு சொன்னார்கள். அதில் எனக்குச் சம்பந்தமில்லை.

கண் திறந்தபோது வானம் மிகப் பக்கத்தில் இருந்தது. போட்டி வைத்தியர், இளம் சிங்களப் பெண், என்மேல் குனிந்திருந்தார். முகாமையாளர் என் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கள், கேக்குதா? பேர் என்ன?"

நான் ஒரு பெயர் சொன்னேன். அம்மா என்னைப் பத்து வயது வரை கூப்பிட்ட பெயர். அதைக் கடைசியாக எப்போது வாயில் எடுத்தேன் என்று நினைவில்லை.

வைத்தியர் அட்டையைப் பார்த்தார். "வயசு?"

"அறுபத்தாறு."

சொல்லிவிட்டேன். தூணில் அடிபட்டதைவிட அதுதான் பெரிய அடி. இவ்வளவு பேருக்கு முன்னால், ஒரு வைத்தியரிடம், அட்டையைக் கையில் வைத்திருப்பவர் கேட்கச் சொல்லிவிட்டேன். இனிக் கோவை திறக்கப்படும். எழுந்து உட்கார்ந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். வைத்தியர் என் தோளை அழுத்திப் படுக்க வைத்தார்.

"பேரும் பிழை, வயசும் பிழை," என்று முகாமையாளரிடம் சொன்னார். "மூளை குழம்பியிருக்கு. இவர் இனி இந்தப் போட்டியில விளையாட முடியாது. ஸ்கேன் எடுக்கணும்."

அறுபது வருடங்களுக்குப் பக்கமாக நான் மறைத்து வைத்திருந்த உண்மையை முதன்முதலாகச் சொன்னேன். அது நோய்க்குறி என்று பதிவாயிற்று. நடைமுறையில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் ஆவணத்தைத்தான் நம்பியிருப்பேன்.

ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்த முகாமையாளர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே மச்சான். ஞாபகம் எல்லாம் திரும்பி வரும்."

அதுதான் பயம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அரச வைத்தியசாலையில் ஸ்கேன் எடுத்தார்கள். இரத்தக் கசிவு இல்லை. ஆனால் ஒரு இரவு வைத்துப் பார்த்தார்கள். காலையில் வார்டு வைத்தியர் வந்தார், தமிழ் தெரிந்தவர். பக்கத்தில் மனைவி முந்தானையைச் சுருட்டிக்கொண்டு நின்றார். வைத்தியர் கையில் ஒரு தாளும் பேனாவும் இருந்தன.

"ஐயா, இப்ப சொல்லுங்க. உங்கட பேர் என்ன? வயசு என்ன? சரியாச் சொன்னா வீட்டுக்குப் போகலாம்."

மனைவி எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். வைத்தியர் கையைக் காட்டி நிறுத்தினார். இதை நானேதான் சொல்ல வேண்டுமாம். அந்தக் கட்டிலில் இருந்து நான் பார்த்தபோது அவருடைய பேனா முனை தாளுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது. முந்தின நாள் அந்த நெட்டை மனிதர் பந்தின் மேல் குனிந்ததுபோலவே இருந்தது. நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னால் இனி யாரும் அதைக் குழப்பம் என்று தள்ளிவிட மாட்டார்கள், அல்லது என்னை வார்டில் வைத்துக்கொண்டே இருப்பார்கள். இரண்டுக்கும் பயந்தேன்.

தம்பியின் பெயரைச் சொன்னேன். "அறுபத்திரண்டு," என்றேன்.

"நல்லது. தெளிஞ்சிட்டீங்க," என்றார்.

மைத்துனருடைய வான் வண்டியில் ஊர் திரும்பினோம். கரவனெல்லையில் தேத்தண்ணீர் குடிக்க நிறுத்தினார்கள். மைத்துனர் இறங்கிக் கடைக்குப் போனார். மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கெரவுண்டுல வேற ஒரு பேரு சொன்னீங்களாம். யாருங்க அது?"

அடிபட்டவன் உளறினேன் என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வைத்தியரின் அத்தாட்சியே இருந்தது. ஆனால் பயந்து பயந்து அலுத்துப்போயிருந்தேன். மைத்துனர் மூன்று தேத்தண்ணீருக்குச் சொல்லி, மிச்சக் காசை வாங்கி, வடை சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். தகரப் பெட்டி, மாஸ்டர், ஏழு மாதக் குழந்தை. சொல்லி முடிக்க அவ்வளவு குறைந்த நேரம்தான் எடுக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மனைவி விரலை மடக்கி எண்ணினார்.

"அப்ப எனக்கும் உங்களுக்கும் பத்து வருசமா? ஆறுன்னுல்ல எங்கப்பாகிட்ட சொன்னாங்க."

"ஆமா."

"தெரிஞ்சிருந்தா எங்கப்பா குடுத்திருக்கவே மாட்டாரு."

"தெரியும்."

பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"இத்தன வருசமா ஒங்க பேர நான் வாயில எடுத்ததில்ல. கிராம சேவகர் கேட்டாக்கூட எழுதித்தான் காட்டுவேன். அப்ப நான் சொல்லாம வச்சிருந்தது அந்தப் புள்ளையோட பேரா?"

தலையை ஆட்டினேன்.

"ஒங்க பேரு என்ன, திரும்பச் சொல்லுங்க."

சொன்னேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். அதையும் அவர் வாயில் எடுக்கவில்லை.

மைத்துனர் தேத்தண்ணீரோடு வந்தார். "அத்தான், தல எப்பிடி? நான் யாருன்னு தெரியுதா?"

"கண்ணை மூடக்கூடாதுன்னு சொன்னவர்," என்றேன். அவர் திருப்தியோடு வண்டியை எடுத்தார்.

வீட்டுக்கு வந்து, வைத்தியசாலையில் கொடுத்த அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன். வயது என்ற இடத்தில் அறுபத்திரண்டு. அதற்குக் கீழே, அனுமதிக்கும்போது இருந்த நிலை என்ற இடத்தில், நோயாளி தன் வயது அறுபத்தாறு என்றும் வேறொரு பெயரைத் தன் பெயர் என்றும் கூறினார் என்று எழுதி, அந்தப் பெயரையும் எழுதியிருந்தார்கள். கையொப்பம், திகதி, முத்திரை, எல்லாம் முறையாக இருந்தன.

நான் பிறந்தவன் என்று சொல்லும் ஒரே அரச ஆவணம் அது. நான் குழம்பியிருந்தேன் என்பதற்குச் சான்றாக எழுதப்பட்டிருந்தது.

"அதக் கிழிச்சு அடுப்புல போடுங்க," என்றார் மனைவி. "யாராச்சும் பாத்துட்டா?"

எனக்கும் அதே பயம்தான். அப்பாவின் தகரப் பெட்டி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைத் திறந்து, தம்பியின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு அடியில் அட்டையை வைத்தேன். மூடினேன். பூட்டினேன். பூட்டியதா என்று இழுத்துப் பார்த்தேன். சமையலறைவரை போய்விட்டு வந்து, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.